பிரஷர் மாத்திரை புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

போன வருடம் கத்திரி வெயில் சமயத்தில் அம்மாவை நாலு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். புதிதாக எந்த நோயும் வரவில்லை. பிரஷர் மாத்திரைகளால் வந்த வினை அது.

அம்மாவுக்கு 66 வயது. ஊரில் ஒரு டாக்டர் அம்லோடிபின் 5 எழுதியிருந்தார். தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது அங்கே பார்த்த டாக்டர், பிரஷர் இன்னும் இறங்கவில்லை என்று வேறொரு மாத்திரை எழுதினார். அது டெல்மிசார்டானும் அம்லோடிபினும் சேர்ந்த கூட்டு மாத்திரை. பெயர் வேறு, நிறம் வேறு, அட்டை வேறு. பழையதை நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பழையது ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது என்று அம்மாவும் சொல்லவில்லை. இரண்டையும் போட்டு வந்தார். ஒரு மாதத்தில் கணுக்கால் வீங்கியது. கொலுசைக் கழற்றினால் அதன் தடம் பள்ளமாக அப்படியே நின்றது. வீக்கத்துக்கு இன்னோர் இடத்தில் காட்டினோம்; நீர் பிரியும் மாத்திரை கொடுத்தார்கள். பதினைந்து நாளில் தள்ளாட்டம், அப்புறம் பேச்சில் குழப்பம். வாசலில் நின்றுகொண்டு "இது யார் வீடு?" என்று கேட்டார். ரத்தம் எடுத்துப் பார்த்தபோது சோடியம் 121. குறைந்தது 135 இருக்க வேண்டும்.

மூன்றும் நல்ல மாத்திரைகள்தான். எது உடம்பில் எங்கே வேலை செய்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருந்தால் இந்த நாலு நாள் வந்திருக்காது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். என்ன மாத்திரை, எத்தனை மி.கி. என்பதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் என்ன சொல்வது, என்ன கேட்பது, வீட்டில் எதைக் கவனிப்பது என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

1. முதலில் பிரஷரைச் சரியாக அளந்துகொள்ளுங்கள்

படியேறி வந்த மூச்சு அடங்கும் முன்னால் எடுத்த ஒரே ஒரு அளவை வைத்து ஆயுசுக்கும் மாத்திரை தொடங்கிவிடாதீர்கள். மிக அதிகமாக இருந்தாலோ நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தாலோ அது வேறு. அப்போது காத்திருக்கக் கூடாது. மற்றபடி, டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஒரு வாரம் வீட்டில் அளந்து அந்தத் தாளோடு போங்கள்.

சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கை, நெஞ்சு உயரத்தில் மேஜைமேல் இருக்கட்டும். அளக்கும்போது பேசக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை, காலையும் மாலையும், ஏழு நாள். முதல் நாள் அளவை விட்டுவிட்டு மீதியின் சராசரியைப் பாருங்கள். வீட்டில் எடுக்கும் அளவு 135/85 இருந்தால், அது ஆஸ்பத்திரி அளவில் 140/90க்குச் சமம்.

மெஷின் வாங்கினால் மேல்கையில் கட்டுவதாக வாங்குங்கள். ஏறத்தாழ 1,500 முதல் 2,500 ரூபாய்க்குள் நல்லதாகவே கிடைக்கும். கை பருமனாக இருப்பவர்கள் பட்டையின் அளவைக் கேட்டு வாங்க வேண்டும். சின்னப் பட்டையை இறுக்கிக் கட்டினால் பிரஷர் இல்லாதவருக்கும் அதிகமாகக் காட்டும்.

2. மாத்திரைக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை

சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம், சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரில் புரதம், ஒரு இசிஜி. இவ்வளவுதான் தேவை. தனியார் லேபில் எல்லாம் சேர்த்து ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய் வரை ஆகலாம். அரசு மருத்துவமனையில் காசு இல்லை, ஆனால் காலையிலேயே போய்விட வேண்டும்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். பல பிரஷர் மாத்திரைகள் சிறுநீரகத்தையும் உப்புச் சத்துகளையும் தொடுபவை. தொடங்கும் முன் அளவு என்ன என்று தெரியாவிட்டால், மூன்று மாதம் கழித்து வரும் அளவை எதோடு ஒப்பிடுவது? அம்மா விஷயத்தில் இதுதான் நடந்தது. பழைய சோடியம் அளவு எங்களிடம் இல்லவே இல்லை.

3. அட்டையில் சின்ன எழுத்தைப் படியுங்கள்

பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். ஒரே அம்லோடிபின் கடையில் எத்தனையோ பெயர்களில் இருக்கிறது. செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், அந்தப் பெயரை ஒரு தாளில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்.

பெயரின் வாலையும் கவனியுங்கள். பெயருக்குப் பின்னால் 'ஏஎம்' என்று இருந்தால் பெரும்பாலும் அம்லோடிபின் சேர்ந்தது. 'ஹெச்' இருந்தால் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் மாத்திரை சேர்ந்தது. வால் மாறினால் மருந்தே மாறிவிடுகிறது. இது எல்லாக் கம்பெனியிலும் ஒரே மாதிரி இருக்காது என்பதால் கடைசியில் பொடி எழுத்துதான் கணக்கு.

இன்னொரு பொறி 'எஸ் அம்லோடிபின்'. அதில் 2.5 மி.கி. போட்டால் சாதாரண அம்லோடிபின் 5 மி.கி. போட்டதற்குச் சமம். எண்ணை மட்டும் பார்த்து "5-க்குப் பதில் 5" என்று மாற்றினால் அளவு இரட்டிப்பாகிவிடும்.

மருந்துக்கடையில், "அக்கா, அந்தக் கம்பெனி வரலை. இது அதேதான், குடுக்கவா?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் அதேதான். ஆனாலும் கடையை விட்டு நகரும் முன் மருந்தின் பெயரும் மி.கி.யும் பழைய அட்டையோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே பாருங்கள். காலி அட்டையைக் கையோடு கொண்டுபோவது இதற்காகத்தான். வீட்டுக்கு வந்ததும் பழைய அட்டையில் மிச்சம் இருந்தால் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். இரண்டும் ஒரே டப்பாவில் கிடக்கக் கூடாது.

4. எந்த மாத்திரை எங்கே வேலை செய்கிறது

மொட்டைமாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறது, குழாய் எவ்வளவு குறுகலாக இருக்கிறது, உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது. இந்த மூன்றில் எது கூடினாலும் அழுத்தம் கூடும். மோட்டார் இதயம், குழாய் ரத்தக்குழாய், தண்ணீர் உடம்பில் தங்கும் உப்பும் நீரும். ஒவ்வொரு வகை மாத்திரையும் இதில் ஏதோ ஒன்றைப் பிடிக்கிறது.

அம்லோடிபின் குழாயைப் பிடிக்கிறது. சின்னத் தமனிகளின் சுவரில் உள்ள தசைக்குள் கால்சியம் நுழைவதைக் குறைப்பதால் தசை தளர்ந்து குழாய் விரிகிறது. இதயத் துடிப்பை இது அவ்வளவாகக் குறைப்பதில்லை. நம் ஊரில் பலருக்கும் முதல் மாத்திரை இதுதான்.

இதன் தொந்தரவு கணுக்கால் வீக்கம். ரத்தம் உள்ளே வரும் தமனி விரிகிறது. வெளியே எடுத்துப்போகும் சிரை அதே அளவு விரிவதில்லை. இடையில் உள்ள நுண்குழாய்களில் அழுத்தம் கூடி, நீர் கசிந்து கணுக்காலில் தங்குகிறது. உடம்பில் நீர் அதிகமாகிவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. அதனால் நீர் மாத்திரை போட்டால் இந்த வீக்கம் அவ்வளவாக வடியாது, சோடியம்தான் வடியும். அம்மாவுக்கு நடந்தது அப்படியே இது. மி.கி. கூடக் கூட வீக்கமும் கூடும். அளவைக் குறைப்பதா, சில்னிடிபின் போன்ற வேறொன்றுக்கு மாற்றுவதா, டெல்மிசார்டான் போன்ற ஒன்றைச் சேர்ப்பதா என்று டாக்டர் பார்ப்பார். பின்னது சிரையையும் கொஞ்சம் விரிப்பதால் வீக்கம் குறையும். கால் வீங்கினால் டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: "இது அம்லோடிபினால் வந்த வீக்கமா, இல்லை இதயமோ சிறுநீரகமோ காரணமா?" இந்த ஒரு கேள்வியை நான் கேட்காமல் விட்டேன். சிலருக்கு ஈறு தடிக்கும். பல் டாக்டரிடமும் மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள்.

டில்டியாசெம், வெரபாமில் இரண்டும் அம்லோடிபினுக்குச் சொந்தம்தான், ஆனால் குணம் வேறு. இவை இதயத் துடிப்பையும் குறைக்கும்.

டெல்மிசார்டான், லோசார்டான் வகை, ரத்தக்குழாயை இறுக்கச் சொல்லும் ஆஞ்சியோடென்சின் என்ற ரசாயனத்தின் கட்டளையைத் தடுக்கிறது. குழாய் தளர்கிறது, உப்பைப் பிடித்து வைக்கச் சொல்லும் ஹார்மோனும் குறைகிறது. சர்க்கரை நோயோடு சிறுநீரில் புரதம் போகிறவர்களுக்கு இதனால் சிறுநீரகப் பாதுகாப்பும் கிடைக்கிறது. கவனிக்க வேண்டியது பொட்டாசியம். அது ஏறலாம், ஏறினால் இதயத் துடிப்பின் தாளமே கெடும். தொடங்கியோ அளவு கூட்டியோ ஒன்றிரண்டு வாரத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். கிரியாட்டினின் கொஞ்சம் ஏறுவது எதிர்பார்த்ததே. எவ்வளவு வரை பரவாயில்லை என்று டாக்டர் சொல்வார், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எனலாப்ரில், ராமிப்ரில் அந்த ரசாயனம் உருவாவதையே தடுப்பவை. பலன் ஏறக்குறைய அதேதான். ஆனால் சிலருக்கு விடாத வறட்டு இருமல் வரும். மாதக்கணக்கில் இருமல் மருந்து குடித்து, எக்ஸ்ரே எடுத்து, கடைசியில் மாத்திரையை மாற்றியதும் சில வாரங்களில் நின்றவர்களை எனக்குத் தெரியும். உதடு, நாக்கு, முகம் வீங்கினால் மட்டும் அடுத்த மாத்திரை போடாமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். டெல்மிசார்டான் வகையும் இந்த வகையும் கர்ப்பிணிகளுக்கு ஆகாது, குழந்தையைப் பாதிக்கும். கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

நீர் மாத்திரை என்று சொல்லும் குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயசைடு, இண்டபமைடு ஆகியவை உப்பையும் நீரையும் வெளியேற்றுகின்றன. சில வாரங்கள் போனதும் ரத்தக்குழாயும் தளர்கிறது. விலை குறைவு, நல்ல மருந்து. வயதானவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, சோடியம் இறங்கும் ஆபத்து அதிகம். பொட்டாசியமும் இறங்கலாம், யூரிக் அமிலம் ஏறிக் கால் பெருவிரல் வீங்கலாம். காலையில் போடுவது நல்லது, ராத்திரி எழுந்து எழுந்து போக வேண்டியிருக்காது.

அடினோலால், மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால் இவை மோட்டாரைப் பிடிப்பவை. துடிப்பின் வேகமும் விசையும் குறைகின்றன. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், நெஞ்சுவலி, படபடப்பு, இதயம் பலவீனமானவர்கள் ஆகியோருக்கு இவற்றின் பயன் பெரிது. வெறும் பிரஷர் மட்டும் இருந்தால் பொதுவாக முதல் தேர்வாக இருக்காது. ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். சர்க்கரைக்கு ஊசி போடுபவர்களுக்கு, சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இது மறைத்துவிடும். வியர்வை மட்டும் மறையாது, அதைக் கவனியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. அடக்கி வைத்த துடிப்பு எகிறி நெஞ்சுவலியோ மாரடைப்போகூட வரலாம். ஊருக்குப் போகும்போது இந்த அட்டையை மறக்காதீர்கள்.

ரத்தக்குழாயைத் தளர்த்தும் பிரசோசின் என்ற மாத்திரை எழுதியிருந்தால் முதல் மாத்திரையைப் படுக்கப் போகும்போது போடுங்கள். முதல் தடவை எழுந்து நிற்கையில் மயக்கம் வரலாம்.

5. எப்போது போடுவது, எத்தனை நாளில் இறங்கும்

காலையா இரவா என்ற குழப்பம் வேண்டாம். பிரிட்டனில் 21,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்தி 2022-ல் வெளியான ஆய்வில், மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுப்பதில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. உங்களுக்கு மறக்காத நேரம் எதுவோ அது.

அம்லோடிபின் ரத்தத்தில் நிலைகொள்ளவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். டெல்மிசார்டானின் முழுப் பலன் தெரிய ஒரு மாதம்கூட ஆகலாம். மூன்றாம் நாளே "இறங்கவில்லையே" என்று டாக்டரை மாற்றாதீர்கள். எங்கள் கதை தொடங்கியதே அங்கேதான்.

ஒரு வேளை மறந்துவிட்டால், அடுத்த நாள் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. அட்டையில் 'எக்ஸ்எல்', 'ஈஆர்' என்று இருந்தால் அது மெல்லக் கரையும் மாத்திரை. நசுக்கவோ மெல்லவோ கூடாது.

இன்னொன்று, மிகவும் சகஜமாக நடப்பது. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும் என்று டாக்டரிடம் போகும் நாளில் பிரஷர் மாத்திரையை விட்டுவிடுவார்கள். அன்று அளவு எகிறி நிற்கும், டாக்டர் மி.கி.யைக் கூட்டிவிடுவார். பிரஷர் மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணீரில் போடலாம், அது பரிசோதனையைக் கெடுக்காது. சர்க்கரை மாத்திரைக்கு மட்டும் வேறு விதி, அதைத் தனியே கேட்டுக்கொள்ளுங்கள். விரத நாளிலும் பிரஷர் மாத்திரையை இப்படியே தண்ணீரில் போடலாம்.

6. ஒரு ஃபைல் போடுங்கள்

முதல் பக்கத்தில் ஒரே ஒரு தாள். மருந்தின் பெயர், மி.கி., நேரம், எந்த டாக்டர், எந்தத் தேதியில் தொடங்கியது, நிறுத்தியது எது, ஏன். இந்த 'நிறுத்தியது' என்ற வரிசை இல்லாத ஃபைல் பாதி ஃபைல்தான். அதன் பின்னால் பிரஷர் அளந்த தாள், ரத்தப் பரிசோதனை, இசிஜி தேதி வரிசையில். இசிஜி தாள் நாளடைவில் மங்கிவிடும், படம் எடுத்து வையுங்கள். புது டாக்டரிடம் போனால் உட்கார்ந்ததும் இந்த முதல் தாளைக் கையில் கொடுத்துவிட்டு, "பழையதில் எதை நிறுத்தணும்னு இதிலேயே குறிச்சுக் கொடுங்க டாக்டர்" என்று கேளுங்கள்.

7. செலவு

கம்பெனிப் பெயரில் வாங்கினால் டெல்மிசார்டான் 40 ஒரு மாத்திரை ஏழெட்டு ரூபாயை ஒட்டி வரும். ஜன் ஔஷதி கடையில் பத்து மாத்திரை கொண்ட ஓர் அட்டையே பத்துப் பதினைந்து ரூபாய்தான். முதல்வர் மருந்தகங்களிலும் விலை குறைவு. டாக்டரிடம் மருந்தின் பெயரிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள், மாற்றிக்கொள்வது சுலபம்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையின் தொற்றா நோய்ப் பிரிவிலும் மாத்திரை இலவசம். ஆதார், செல்போன் எண், பழைய சீட்டு இவற்றோடு போய்ப் பதிந்துகொள்ளுங்கள். வெளியே வர முடியாத முதியவர்கள் இருந்தால் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், அங்கேயே கேளுங்கள். நாங்கள் மாட்டிய பொறி இங்கேயும் உண்டு. அரசு மாத்திரை ஒரு பக்கம், தனியார் மாத்திரை ஒரு பக்கம் என்று ஒரே மருந்தை இரண்டு இடத்திலிருந்தும் போடுபவர்கள் நிறைய. உதிரியாகக் கவரில் கொடுத்தால், அங்கேயே பெயர் கேட்டுக் கவர்மேல் எழுதிவிடுங்கள்.

8. மாத்திரையோடு இவற்றைச் சேர்க்காதீர்கள்

மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் பிரஷரை ஏற்றும். டெல்மிசார்டான், நீர் மாத்திரை இரண்டும் போடுபவர் அதோடு இதையும் போட்டால் சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடலாம். மூக்கடைப்புக்குத் தரும் பல சளி மாத்திரைகளும் பிரஷரை ஏற்றும்.

இந்துப்பும் சோடியம் உப்புதான். அதில் பிரஷர் ஏறாது என்று தாராளமாகப் போடாதீர்கள். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும்; டெல்மிசார்டான், ராமிப்ரில் போடுபவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் வாங்கக் கூடாது. எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராம் உப்புக்குள் இருக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் எல்லாம் இந்தக் கணக்கில் அடங்கும். ஆனால் நீர் மாத்திரையால் சோடியம் இறங்கியவர்கள் தாங்களாக உப்பைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

வயிற்றுப்போக்கு, வாந்தி என்று நீர் வற்றிப்போன நாளில் டெல்மிசார்டான், ராமிப்ரில் வகைகளையும் நீர் மாத்திரையையும் தொடர்வதா நிறுத்துவதா என்று அன்றே டாக்டருக்குப் போன் செய்து கேளுங்கள்.

9. எப்போது ஓட வேண்டும்

எழுந்து நிற்கும்போது கண் இருட்டினால், உட்கார்ந்து ஒரு அளவும் எழுந்து நின்று ஒன்று, மூன்று நிமிடங்களில் ஒவ்வொரு அளவும் எடுங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் டாக்டரிடம் சொல்லுங்கள். பேச்சில் குழப்பம், தள்ளாட்டம் இருந்தால் நாளை பார்க்கலாம் என்று விடாமல் அன்றே சோடியம் பாருங்கள்.

180/120க்கு மேல் இருந்தும் வேறு எந்த உபாதையும் இல்லையென்றால், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து மறுபடி அளந்து, குறையாவிட்டால் அன்றே டாக்டரை அழையுங்கள். பயந்துபோய்க் கூடுதலாக ஒரு மாத்திரை போடாதீர்கள். நாக்கின் அடியில் நிஃபெடிபின் என்ற பிரஷர் மருந்தை விடும் பழைய வழக்கம் ஆபத்தானது. பிரஷர் சடாரென்று சரிந்து மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் குறைந்துவிடும்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் மரத்துப்போதல், பேச்சுக் குழறல் இவற்றில் ஒன்று இருந்தாலும், பிரஷர் அளவு என்னவாக இருந்தாலும், 108-ஐ அழையுங்கள். வாய் கோணியிருந்தால் தண்ணீரோ மாத்திரையோ எதுவும் கொடுக்க வேண்டாம். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அங்கே முதலில் அதைத்தான் கேட்பார்கள். ஆம்புலன்ஸில் ஏறும்போது அந்த ஃபைலையும், அன்று போட்ட மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.